வாங்கியவள் ஹெப்சி

ஜூன் 4

காலையில் மின்கட்டணம் கட்டிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு சின்ன லாரி. மரச்சட்டம் அடித்த பெரிய பெட்டி ஒன்றை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஹெப்சி, "அப்பா, அது எனக்குத்தான் வந்திருக்கு. இறக்கச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டாள்.

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி. ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள், அதுவும் பழையது. ஓசூரில் ஒரு கம்பெனி பழைய நாற்காலிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறதாம். 'ஆறு மாதம் மட்டுமே பயன்படுத்தியது, பேட்டரி புத்தம் புதிது' என்று விளம்பரத்தில் இருந்ததைப் போனில் காட்டினாள். பாட வீடியோக்களுக்குக் கீழே சப்டைட்டில் எழுத்துப் போடும் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்கிறாள். அதில் சேர்த்த பணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெலிவரிக்கு மட்டும் என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

பைபாஸில் லாரி மோதி, இவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நான்கு வருடமாகிறது. அதே வருடம்தான் நான் கல்வி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். அன்றிலிருந்து இவள் நாற்காலியைத் தள்ளுவது நான்தான். காலையில் பிசியோதெரபி, சாயங்காலம் மைதானம், ஞாயிற்றுக்கிழமை கோயில். காய்ச்சலோடுகூடத் தள்ளியிருக்கிறேன்.

"இருக்கிற நாற்காலிக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டேன்.

"ஒரு குறைச்சலும் இல்லப்பா" என்றாள்.

பிறகு எதற்கு இது?

ஜூன் 6

ஹெப்சி தனியாகக் கடைக்குப் போய் வந்தாள். மருந்துக்கடை வரைக்கும்தான். இவள் அம்மா தங்கபுஷ்பம் வாசலில் நின்று, ஏதோ கல்யாண ஊர்வலம் புறப்படுவதுபோலக் கையாட்டினாள். நான் அந்த நேரத்தில் கேட் கீலுக்கு எண்ணெய் போட்டேன். அவள் திரும்பி வரும்வரை போட்டேன். கீல் ரொம்பவும் துரு.

ஒரு சோப்பு வாங்கி வந்திருந்தாள். வீட்டில் ஏற்கெனவே சோப்பு இருக்கிறது.

ஜூன் 9

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாட வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. இவளுக்கு வேலை கொடுப்பவர்கள் அவர்கள்தான். இனி அலுவலகத்துக்கே வந்து வேலை பார்க்க முடியுமா, பொறுப்பும் கூட, சம்பளமும் கூட என்று கேட்டிருக்கிறார்களாம். கேட்டுப் பல மாதம் ஆகிறதாம். இன்றுதான் எங்களிடம் சொல்கிறாள். அடுத்த மாதம் வருகிறேன் என்று பதிலும் அனுப்பிவிட்டாள்.

"நான் கொண்டு விட்டிருப்பேனே, முன்னயே சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"கொண்டு விட்டுட்டு? சாயங்காலம் வரைக்கும் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பீங்க. அப்படித்தானேப்பா?"

அதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 13

வெயில். வேறு விசேஷமில்லை. ஹெப்சி மைதானத்துக்குத் தனியாகப் போனாள். நான் சாயங்காலம் டி.வி. பார்த்தேன்.

ஜூன் 17

நான் பயந்தது நடந்துவிட்டது.

மத்தியானம் போன் வந்தது. மார்க்கெட் முக்கில், சாலையைக் கடக்கும்போது நடுவில் நாற்காலி நின்றுவிட்டது. ஓட்டும் ஜாய்ஸ்டிக்கில் விளக்கு எரியவில்லை. மோட்டார் பூட்டிக்கொண்டால் தள்ளினாலும் சக்கரம் உருளாது. பின்னால் இருக்கும் லீவரை விடுவிக்க வேண்டும். அதற்கு இவள் கை எட்டாது. ஒரு பஸ் இவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஹாரன் அடித்திருக்கிறது. பூ விற்கும் இரண்டு பெண்கள் ஓடிவந்து, இவள் சொல்லச் சொல்ல லீவரைத் திருப்பி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

நான் பழைய நாற்காலியை மடக்கி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன். பூக்கடை நிழலில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தபோது மூடியைத் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

பேட்டரி நாற்காலியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே பழையதில் தள்ளி வந்தேன். வீட்டுக்கு வந்து, நல்ல பசி எடுத்து, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். பல நாளைக்குப் பிறகு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 19

ஹெப்சியே ஸ்குரு கழற்றி பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். பேட்டரிமேல் கம்பெனியின் பளபளப்பான ஸ்டிக்கர். அதன் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். தயாரித்த தேதி நான்கு வருடத்துக்கு முந்தையது. பக்கவாட்டில் லேசாக உப்பியும் இருந்தது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பக்கத்தில் வைத்து இன்னொரு போட்டோ எடுத்தாள்.

இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான் என்றேன். "பாப்போம்" என்றாள்.

ஜூன் 20

கம்பெனிக்கு நான்தான் பேசினேன். பரணிதரன் என்று ஒருவர் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அது யூஸ்டு பொருள். யூஸ்டு பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. பில்லுக்கு அடியிலயே போட்டிருக்கோம் பாருங்க."

பில்லுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது.

நான் கத்தினேன். அவர் மரியாதை மாறாமல் அதையே சொன்னார். போனை வைத்த பிறகு ஹெப்சி கூப்பிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்த சட்ட விதியைப் படித்துக் காட்டினாள். ஆன்லைனில் விற்பவர், விளம்பரத்தில் சொன்ன தன்மையில் பொருள் இல்லையென்றால், அல்லது குறையோடு இருந்தால், திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. புதுசுக்கு மட்டும்தான் இது என்று அதில் எங்கும் இல்லை.

"பழசுன்னு தெரிஞ்சுதாம்ப்பா வாங்குனேன். சீட்டு தேய்ஞ்சிருக்கு, கை வைக்குற எடத்துல கீறல் இருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பழசுன்னா அப்படித்தான் இருக்கும். ஆனா புது பேட்டரின்னு சொல்லிட்டு ஸ்டிக்கர் ஒட்டுனாங்கல்லா, அது பழசு இல்ல. அது பொய்."

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதியதில்லை.

ஜூன் 22

தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். நான் ஒரு வரைவு எழுதிக் கொடுத்தேன். 'மேற்காண் பொருள் தொடர்பாக' என்று அலுவலக நடையில் ஆரம்பித்திருந்தேன். அதை அடித்துவிட்டாள். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பணம் திருப்பிக் கேக்கலயேப்பா. சொன்ன மாதிரி ஓடுற நாற்காலி வேணும். அது முடியலன்னாதான் பணம்."

"எல்லாம் ஒண்ணுதான் மக்கா."

"ஒண்ணு இல்ல."

அவள் சொன்னபடியே மாற்றி அனுப்பினோம்.

ஜூன் 27

கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. ஸ்டூடியோவுக்கு ஹெப்சி போன் பண்ணி, வர இன்னும் கொஞ்சம் காலமாகும் என்று சொன்னாள். அவர்கள் காத்திருப்பதாகச் சொன்னார்களாம். எத்தனை நாள் காத்திருப்பார்கள்? நானே தினமும் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என்னிடம், "அவ நாற்காலியக் கேக்கா. நீங்க பணத்தக் கேக்கீங்க. பணம் வந்தா நாற்காலி போயிரும்லா?" என்றாள்.

வெண்டைக்காய் முற்றல் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

ஜூலை 2

காலையில் பரணிதரன் என் நம்பருக்குக் கூப்பிட்டார். புகார் மேலிடம் வரைக்கும் போய்விட்டதாம். முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்களாம். ஆள் அனுப்பி நாற்காலியை எடுத்துக்கொள்வார்களாம். புகாரை முடித்துக்கொண்டால் போதும். "உங்களுக்குச் சம்மதமா சார்?" என்று கேட்டார். பார்க்கலாம் என்ற பொருளில் பதில் சொன்னேன்.

ஹெப்சி வேலையில் மும்முரமாக இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 3

குழாய் வாஷர் மாற்றினேன். ஹெப்சியிடம் பேசச் சந்தர்ப்பம் அமையவில்லை.

ஜூலை 4

சொல்லவில்லை. அவளுக்குத் தலைவலி.

ஜூலை 5

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். நாற்காலியை எடுக்க. ஹெப்சி அதில்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும் அளவுக்குச் சார்ஜ் நிற்கிறது. கூடத்திலிருந்து வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"யாரு எடுக்கச் சொன்னா?"

"கஸ்டமர் ஓகே சொல்லிட்டாங்கன்னு மெசேஜ் வந்திருக்குக்கா. பணம் திருப்பிப் போடுறதுக்கு."

"கஸ்டமர் நாந்தான். நான் சொல்லலயே."

அந்த ஆள் போனை எடுத்துக் காட்டினான். அதில் என் நம்பர். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தங்கபுஷ்பமும் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பாக்கலாம்னுதான்…" என்று ஆரம்பித்தேன்.

ஹெப்சி அவர்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க மேல தப்பு இல்ல. வாங்குனது நான். பில்லு என் பேர்ல இருக்கு. எனக்குச் சம்மதம் இல்லன்னு எழுதித் தாரேன், கொண்டு போங்க." எழுதிக் கொடுத்தாள். அவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னாள்.

அவள் அறைக்குள் போன பிறகு கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஓங்கி அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூலை 8

பேசவில்லை.

ஜூலை 11

பேசவில்லை. பிசியோதெரபிக்கு அவள் அம்மா தள்ளிக்கொண்டு போனாள். தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலி. நான் வருகிறேன் என்று சொல்ல முடியாமல் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

ஜூலை 14

ஞாயிறு. கோயிலுக்கு நான் மட்டும் போனேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் பாடவில்லை.

திரும்பி வந்து அவள் அறை வாசலில் நின்று சொன்னேன். "எனக்குப் பயமா இருந்துச்சு மக்கா."

வேலையை நிறுத்தாமல் சொன்னாள்: "எனக்குந்தான் பயமா இருந்துச்சு. பஸ் அவ்வளவு பக்கத்துல நின்னுச்சு. அப்பவும் அடுத்த நாள் போகணும்னுதாம்ப்பா நெனச்சேன்."

பிறகு, "நீங்க பயந்தது தப்பில்ல. எனக்குப் பதிலா நீங்க பதில் சொன்னீங்க பாருங்க, அதுதான்" என்றாள்.

நான் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்று மறுபடி சொல்லவில்லை.

ஜூலை 19

கம்பெனி கைவிரித்துவிட்டது. பணம் தருகிறோம், வேறு ஒன்றும் முடியாது. அதையும் வாங்கவில்லையென்றால் யூஸ்டு பொருளுக்கு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஹெப்சி மனுப் போட்டாள். வக்கீல் தேவையில்லை, வாங்கியவரே போடலாம். எல்லாம் அவளே செய்தாள். ஒரே ஒரு இடத்தில், "இணைப்புன்னு எழுதணுமா, உள்ளடக்கம்னு எழுதணுமா?" என்று கேட்டாள். இணைப்பு என்றேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஆகஸ்ட் 23

மனு ஏற்கப்பட்டது. கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இரண்டு தரப்பும் சம்மதித்தால் சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்களாம். ஹெப்சி சம்மதித்தாள்.

செப்டம்பர் 10

காலையில் பிசியோதெரபிக்கு நான் தள்ளிக்கொண்டு போனேன். அவளாகக் கூப்பிட்டாள். அம்மாவின் முழங்காலுக்காக என்று சொன்னாள். சரி.

செப்டம்பர் 26

சமரசப் பேச்சு. ஆட்டோவில் மூவரும் போனோம். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க. ஆனா நான் பேசுதேன்" என்றாள்.

ஒரு மேஜை. சமரசம் செய்பவர் நரைத்த தலையோடு ஒரு வழக்கறிஞர் அம்மா. கம்பெனி சார்பில் பரணிதரன் வந்திருந்தார். போனில் கேட்டபோது ஒரு தடியனை நினைத்திருந்தேன். ஒல்லியான பையன், ராத்திரி பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில். அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள்.

"மேடம், யூஸ்டு பொருள்னா பேட்டரி இறங்கித்தான் இருக்கும். நாங்க முழுப் பணமும் தரத் தயார்னு அப்பவே சொன்னோம்" என்றார் அவர்.

வழக்கறிஞர் அம்மா ஹெப்சியைப் பார்த்தார். "முழுசாத் தர்றாங்களேம்மா. ஏன் வேண்டாங்கிறீங்க?"

ஹெப்சி போட்டோக்களை மேஜையில் வைத்தாள். ஒட்டிய ஸ்டிக்கர், உரித்த ஸ்டிக்கர். "இந்தப் பணத்துக்கு எனக்குப் புது நாற்காலி கெடைக்காதும்மா. அதனாலதான் பழசு வாங்குனேன். அந்த நாற்காலி ஓடுன நாள்ல நான் கடைக்குப் போனேன், மைதானத்துக்குப் போனேன், ஒரு வேலைக்கு வாரேன்னு சொன்னேன். பணம் கையில இருந்தா அதெல்லாம் திரும்பி வராது. அவங்க விளம்பரத்துல என்ன சொன்னாங்களோ அதைக் குடுக்கட்டும். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

பரணிதரன் கொஞ்சம் தயங்கிவிட்டு என்னைக் கை காட்டினார். "சார் போன்ல ரீஃபண்டுக்குச் சரின்னு சொன்னாங்க மேடம். அதை நம்பித்தான் ஆள் அனுப்பினோம்."

வழக்கறிஞர் அம்மா, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"ஆசீர்வாதம். வாங்குனவளோட அப்பா."

"சரின்னு சொன்னீங்களா?"

ஹெப்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் பார்த்தாள்.

"சொன்னேன்மா. 'சரி, வந்து எடுத்துக்கோங்க'ன்னுதான் சொன்னேன். அவர் மேல தப்பில்ல. ஆனா அது என் பொருள் இல்ல. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை கெடையாது. வாங்குனது அவதான். அவ என்ன சொல்லுதாளோ அதுதான்."

வழக்கறிஞர் அம்மா தலையசைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பரணிதரனிடம் விதியைப் படித்துக் காட்டி, பழையது என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடாது என்றார். பரணிதரன் வெளியே போய் நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார்.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது. இந்த நாற்காலியை அவர்கள் செலவில் எடுத்துக்கொண்டு, சரிபார்த்த வேறு நாற்காலி தர வேண்டும். பேட்டரி புதிது, அதற்குத் தனி பில். ஆறு மாதத்துக்குள் பழுது வந்தால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இத்தனையும் செய்யாவிட்டால் மறுபடி ஆணையம்.

வெளியே வந்ததும் பரணிதரன் ஹெப்சியிடம், "ஸ்டிக்கர் நான் ஒட்டலைங்க" என்றார். "தெரியும். ஒட்டுனவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். அவரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் காபி குடித்தோம்.

அக்டோபர் 21

நாற்காலி வந்தது. ஹெப்சி முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து தேதியைப் பார்த்தாள். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டியும் பார்த்தாள். ஒரே ஸ்டிக்கர்தான். இடது கைத்தாங்கி நிறம் மங்கியிருக்கிறது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போவாளாம்.

நவம்பர் 4

ஹெப்சி ஸ்டூடியோ வேலையில் சேர்ந்தாள். சொன்னபடி காத்திருந்தார்கள். காலையில் புறப்பட்டுப் போனாள். தங்கபுஷ்பம் ஜெபம் செய்தாள். நானும் கண்ணை மூடினேன். ஆனால் நினைப்பெல்லாம் மார்க்கெட் முக்கிலேயே இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் வந்தது.

நவம்பர் 12

பகல் ரொம்ப நீளமாக இருக்கிறது. பழைய நாற்காலியைத் துடைத்து மடக்கி வைத்தேன். தங்கபுஷ்பம் நடக்கப் போகச் சொல்கிறாள். போனேன். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் விட்டேன், பின்னால் கட்டினேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20

காலையில் நல்ல மழை. மூன்று மணிக்கு விட்டது. சாயங்காலம் மார்க்கெட் பக்கம் டீ குடிக்கப் போனேன். டீதான். வேறு எதற்கும் இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் அவள் வரும் நேரம் எனக்குத் தெரியும்.

பாதி டீயில் இருக்கும்போது ஹெப்சி வந்துவிட்டாள். தேங்கிய தண்ணீரைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டு, மடியில் பையோடு. என்னைப் பார்த்து நாற்காலியை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"டீ குடிக்க வந்தீங்களா?"

"ஆமா."

"நம்பிட்டேன்" என்று சிரித்தாள். "வாங்க, போவோம்."

பழக்க தோஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டேன். பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. "இந்தப் பக்கம் வாங்கப்பா, பேசணும்" என்றாள். பக்கத்தில் வந்து நடந்தேன்.

அவளுடைய அலுவலகத்தில் ஒருத்தி பாடத்தை அவசர அவசரமாகப் படித்து உயிரை எடுக்கிறாளாம். அதை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். நான்கு வருடமாக எத்தனையோ பேசியிருக்கிறோம். எல்லாம் அவள் உச்சந்தலையைப் பார்த்து நான் பேசியது, தெருவைப் பார்த்து அவள் பேசியது. இன்றுதான் அவள் பேசும்போது முகத்தைப் பார்த்தேன். ஒருவரை நடித்துக் காட்டும்போது வலது புருவம் தனியாக மேலே ஏறுகிறது. சாலையைக் கடக்கும் முன்னால் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். கடந்த பிறகுதான் விடுகிறாள். பயம் இன்னும் இருக்கிறது. இருந்துகொண்டே கடக்கிறாள்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் வேகத்தைக் கூட்டினாள். எனக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் மெதுவாகப் போ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்ல வேண்டும்.